ஆண்டீஸ் திருவிழாக்களை ஆவணப்படுத்தப் போகும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருவிலும் பொலிவியாவிலும் உள்ள ஆண்டீஸ் மலையூர்களுக்குத் திருவிழா, இசை, சடங்கு பற்றிய இனவரைவியல் களஆய்வுக்காகப் போகும் மாணவர்கள் கிளம்பும் முன் கேட்பவையும், போன இடத்தில் முழித்துக்கொண்டு நின்று கேட்பவையும் இங்கே இருக்கின்றன. சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடியும்.

எந்தத் திருவிழாவைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் விடுமுறை எந்த மாதம் என்று பாருங்கள், பாதி முடிவாகிவிடும். ஜனவரி முதல் மூன்று நாட்கள் ஹுனின் பகுதியின் மீத்தோ ஊரில் முகமூடிக்காரர்களின் வாகோன் ஆட்டம். பிப்ரவரியில் டிட்டிகாக்கா ஏரிக்கரைப் பூனோவில் கந்தெலாரியா மாதா விழா. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல். அதற்குப் பொலிவியாவின் ஒருரோ பேர்போனது. மே தொடக்கத்தில் சிலுவைத் திருவிழா. மே கடைசியிலோ ஜூனிலோ குஸ்கோ பகுதியில் கொய்யுர் ரித்தி யாத்திரை. ஜூனில் அபுரிமாக் ஆற்றின் மேல் புல்லைக் கயிறாகத் திரித்துக் கெஸ்வாசாக்கா பாலத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டும் சடங்கு. ஜூலை 15 முதல் 18 வரை பவுகார்தாம்போவில் கார்மென் மாதா விழா. ஜூலை 24, 25 தேதிகளில் ஹுனினின் மந்தாரோ பள்ளத்தாக்கில் மாடுகளுக்கான சந்தியாகோ விழா. ஆகஸ்டில் பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, படையல்.

முதல் களஆய்வுக்கு ஒருரோ, பூனோ போன்ற பெருவிழாக்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள், பித்தளை வாத்திய இரைச்சல், கேமராக் கூட்டம். யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. நூறு வீடுகள் உள்ள ஊரின் சின்னத் திருவிழா ஒன்று போதும். யார் யாருக்கு மச்சான், யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை தெரிந்துகொள்ளலாம்.

விழாவுக்கு எத்தனை நாள் முன்னால் போக வேண்டும்?

நாள் கணக்கில் யோசிக்காதீர்கள். மாதக் கணக்கில் யோசியுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆண்டீஸ் ஊர்களில் விழாவை ஒருவர் அல்லது ஒரு தம்பதி ஏற்று நடத்துவார்கள். மயோர்டோமோ, குஸ்கோ பக்கம் கார்கயோக் என்று பெயர். வாத்தியக் குழு, ஊர்ச்சாப்பாடு, பீர், மெழுகுவர்த்தி, வாணவேடிக்கை, மாதாவுக்குப் புது உடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. எல்லாவற்றையும் கைக்காசில் செய்தால் குடும்பம் தாங்காது. அதனால் மாதங்களுக்கு முன்பே வீடு வீடாகப் போவார்கள். கையில் ரொட்டியும் கொஞ்சம் மதுவும் இருக்கும். அதைக் கொடுத்து, "நீங்கள் வெடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்", "ஒரு நாள் வாத்தியக்காரர்கள் உங்கள் கணக்கு" என்று கேட்பார்கள். இதற்கு ஹுர்க்கா என்று பெயர். ரொட்டியை வாங்கிக்கொண்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. வாங்கத் தயங்கினால் வந்தவர் இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுப்பார், பழைய உதவிகளை நினைவுபடுத்துவார், வீட்டுக்காரம்மாவைப் பார்த்துப் பேசத் தொடங்குவார். சட்டென்று 'மாட்டேன்' என்று சொல்லிவிட முடியாத பேச்சு அது.

வாக்குக் கொடுத்தவர், கொடுத்த பொருள் எல்லாம் நோட்டில் ஏறும். நம் ஊர் மொய் நோட்டேதான். இன்றைக்கு நீங்கள் பத்துப் பெட்டி பீர் கொடுத்தால், உங்கள் முறை வரும்போது பத்துப் பெட்டி திரும்பும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அய்னி என்று பெயர். உழவு, வீடு கட்டுதல், திருவிழா எல்லாம் இதே கணக்கில்தான் ஓடும்.

விழா நாளில் மட்டும் வந்து இறங்கும் மாணவருக்குக் கிடைப்பது ஊர்வலமும் நடனமும். அவை ஏற்கெனவே ஆயிரம் வீடியோக்களில் இருக்கின்றன. ரொட்டியோடு கதவைத் தட்டும் அந்த இரவும், அந்த நோட்டும், முந்தைய நாள் விடிய விடிய உருளைக்கிழங்கு உரிக்கும் பெண்களும்தான் பதிவாகாமல் இருக்கிறார்கள். இரண்டு மாதம் தங்க வசதியில்லையா? அப்படியானால் விழாவை விட்டுவிட்டு ஹுர்க்காவுக்குப் போங்கள் என்பேன். கேட்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆனால் ஆய்வேட்டுக்குச் சரக்கு அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. அந்த ரொட்டியை உங்களிடமும் நீட்டலாம். வாங்கினால் நீங்களும் கடன்பட்டவர்.

கொய்யுர் ரித்திக்கு மாணவர்கள் போகலாமா?

போகலாம். ஆனால் இது சுற்றிப்பார்க்கும் விழா இல்லை, யாத்திரை. ஈஸ்டர் ஞாயிறு கழிந்து 58 நாட்களில், குஸ்கோ வட்டாரத்திலிருந்து ஏறத்தாழ 90,000 பேர் சினக்காரா பள்ளத்தாக்கில் உள்ள கோயிலுக்கு வருகிறார்கள். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மவயானியில் பேருந்தை விட்டு இறங்கினால் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஏற்றம். கோயில் இருப்பது 4,600 மீட்டருக்கு மேலே.

வருபவர்கள் எட்டு 'தேசங்களாக'ப் பிரிந்து வருவார்கள்: பவுகார்தாம்போ, கிஸ்பிகாஞ்சி, காஞ்சிஸ், அக்கோமாயோ, பாருரோ, தவந்தின்சுயு, அந்தா, உருபாம்பா. நூறு வகை நடனங்கள் வரை நடக்கும். ஒழுங்கைக் காப்பவர்கள் உக்குக்குகள். கம்பளி உரோமம் தொங்கும் உடை, கையில் சாட்டை, கீச்சுக்குரல். பாதி கரடி, பாதி மனிதன். கோமாளி மாதிரி இருக்கிறார்களே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அங்கே மது கூடாது. குடித்திருப்பவரையும், போகக்கூடாத இடத்துக்குள் கேமராவோடு நுழைபவரையும் அவர்கள் கேட்பார்கள். முதல் வேலையாக, நீங்கள் எந்தக் குழுவோடு வந்திருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். தனியாளாக வருபவருக்கு அங்கே இடமே கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊர்க்குழுவோடு, அவர்கள் மூட்டையில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏறுபவருக்குத் திறக்கும் வாசல்கள் வேறு.

முன்பெல்லாம் உக்குக்குகள் இரவில் பனியாற்றுக்கு ஏறி, பனிக்கட்டியை வெட்டி முதுகில் கட்டி இறக்குவார்கள். உருகிய நீர் மருந்து. பனியாறு சுருங்கி வருவதைப் பார்த்து 2000-களில் அவர்களே இதை நிறுத்திவிட்டார்கள். பருவநிலை மாற்றம் பற்றி எழுத நினைப்பவர்களுக்கு, ஒரு சடங்கு தன் நடுப்பகுதியைத் தானே விட்டுக்கொடுத்ததை நேரில் கேட்டறிய இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. பனிக்கட்டி சுமந்த வயதானவர்களிடம் பேசுங்கள்.

கடைசிப் பகுதி, பவுகார்தாம்போ, கிஸ்பிகாஞ்சி தேசத்தார் 24 மணி நேரம் நடந்து தயன்கானி ஊருக்குப் போய்ச் சூரியனின் முதல் கதிரை வரவேற்பது. ஊர்க்காரர்கள் பலர் இதைத்தான் உயிர்நாடி என்பார்கள். பெரும்பாலான வெளியூர்க்காரர்கள் அதற்குள் பேருந்தைப் பிடித்துவிடுகிறார்கள்.

உயரம் தாங்குமா?

பழகிக்கொண்டால் தாங்கும். குஸ்கோவே 3,400 மீட்டர். அங்கே சில நாள் சும்மா இருங்கள், மாடி ஏறுவதைக்கூட மெதுவாகச் செய்யுங்கள். 4,600 மீட்டரில் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 விழுக்காட்டுக்கும் குறைவான ஆக்சிஜன்தான் கிடைக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அங்கே சொரோச்சே என்பார்கள்; கொக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். குழப்பம், தள்ளாட்டம், படுத்தால் மூச்சுத்திணறல் என்று வந்தால் தேநீருக்குக் காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். ஆய்வு அப்புறம்.

ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தால் போதுமா?

நகரத்தில் போதும். ஊரில் வயதானவர்களிடமும் சமையலறையிலும் கெச்சுவா வேண்டும். பூனோ, பொலிவியா மேட்டுநிலத்தின் பல இடங்களில் அய்மாரா. குஸ்கோ கெச்சுவா படித்தவருக்கு மந்தாரோ பள்ளத்தாக்கின் கெச்சுவா கிட்டத்தட்ட வேறு மொழி மாதிரி ஒலிக்கும், ஆகவே ஊரை முடிவு செய்துவிட்டு மொழி படியுங்கள். பெரியவர்களைத் தாய்தாய் (என் அப்பா), மமாய் (என் அம்மா) என்று அழைக்கக் கற்றுக்கொண்டு போனாலே முதல் நாள் பாதி இறுக்கம் தளரும்.

சிக்குரி குழுவை எப்படி ஒலிப்பதிவு செய்வது?

சிக்கு என்பது வரிசையாகக் கட்டிய மூங்கில் குழல்கள், அதை வாசிப்பவர்கள் சிக்குரிகள். ஒரு முழுக் கருவி இரா, அர்க்கா என்ற இரண்டு பாதிகளாக இருக்கும். பொதுவாக இராவுக்கு ஆறு குழல், அர்க்காவுக்கு ஏழு. ஒரு பாதியில் இல்லாத சுரம் மற்றதில் இருக்கும். எனவே ஒரே ஆளால் மெட்டை வாசிக்க முடியாது. ஒருவர் ஊத, அடுத்த சுரத்தை எதிரில் நிற்பவர் ஊத, மெட்டு இருவருக்கும் நடுவில் உருவாகும்.

மாணவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? நன்றாக வாசிப்பவர் யார் என்று கேட்டு, அவர் வாய்க்குப் பக்கத்தில் மைக்கை வைக்கிறார்கள். பதிவில் ஓட்டை ஓட்டையாக ஒரு பாதி மெட்டு விழும். அதைவிடப் பெரிய சங்கடம், டிட்டிகாக்காவின் வடக்குக் கரையில் கோனிமா போன்ற ஊர்களில் ஒருவர் குழல் மட்டும் தனித்துக் கேட்பது குறையாகக் கருதப்படும். எல்லோரும் சேர்ந்து ஒரே கருவி ஒலிப்பதுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ரசனை. வட்டமாக நின்று வாசிப்பார்கள். மைக் வட்டத்தின் நடுவில் இருக்கட்டும், அனுமதி வாங்கிக்கொண்டு. தனித்தனிப் பதிவு வேண்டுமென்றால் இரா, அர்க்கா ஒரு ஜோடியை வேறொரு நாள் உட்கார வைத்து எடுங்கள்.

அதே ஊர்களில் விழாவுக்கு முந்தைய ஒத்திகையில் புது மெட்டுக் கட்டுவதும் நடக்கும். யாராவது மெதுவாக ஒரு துண்டை ஊதிப் பார்ப்பார். பிடித்திருந்தால் பக்கத்தில் இருப்பவர் சேர்ந்துகொள்வார். பிடிக்காவிட்டால் "நன்றாக இல்லை" என்று யாரும் சொல்லமாட்டார்கள், பேசாமல் விட்டுவிடுவார்கள். அந்த மௌனத்தையும் குறிப்பில் எழுதத் தெரிய வேண்டும். "இந்தப் பாட்டை இயற்றியது யார்?" என்று நேரடியாகக் கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். பொய் இல்லை.

என்ன கருவிகள் எடுத்துப் போக வேண்டும்?

கைக்குள் அடங்கும் ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, காற்றுத் தடுப்பு உரோம உறை, ஹெட்போன், கூடுதல் பேட்டரிகள். காற்றுத் தடுப்பை மறந்தால் மற்றவை வீண். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், சட்டைக்குள் உடலோடு ஒட்டி வையுங்கள். பித்தளைக் குழு திடீரென்று தொடங்கும்போது ஒலி உடைந்துபோகும், ஆகவே பதிவு அளவை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும். சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 பகிர்வதற்கு மட்டும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், யார், என்ன என்று வாயால் சொல்லிவிடுங்கள். குறிப்பேடு மழையில் நனைந்தாலும் அது இருக்கும்.

எந்தப் பாட்டையும் எப்போது வேண்டுமானாலும் வாசித்துக் காட்டுவார்களா?

மேட்டுநிலத்தில் பல ஊர்களில் மாட்டார்கள். கருவிக்கும் பருவத்துக்கும் தொடர்பு உண்டு. மழைக்காலத்தில், நவம்பரிலிருந்து கார்னிவல் வரை, பிங்கில்யு, தார்க்கா போன்ற மரக் குழல்கள்; மழை நின்ற பிறகு சிக்கு, சரங்கோ என்ற சின்னக் கம்பி வாத்தியம். பயிருக்கு மழை வேண்டிய நேரத்தில் சரங்கோவை மீட்டினால் உறைபனி வரும் என்று சொல்லும் ஊர்கள் உண்டு. ஜூலையில் போய், கார்னிவல் தார்க்கா மெட்டு வாசியுங்கள் என்று பணம் நீட்டினால் ஒருவர் ஒப்புக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஆலங்கட்டி மழை பெய்தால் பழி அவர் தலையில் விழும், உங்கள் தலையில் இல்லை.

முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று கேட்கலாமா?

கேட்காதீர்கள். மீத்தோவின் வாகோன்கள் நீண்ட மூக்கு முகமூடியும் சாட்டையுமாக, குரலையும் மாற்றிக்கொண்டு ஊரைக் கண்டிக்க வருபவர்கள். ஆள் யார் என்று தெரியாததுதான் அந்த அதிகாரம். நடையை வைத்து ஊருக்குத் தெரிந்திருக்கும், அது வேறு. உங்களுக்குத் தெரிந்துவிட்டாலும் குறிப்பேட்டில் குறியீடு போட்டு எழுதுங்கள்.

பவுகார்தாம்போவில் முகமூடிகள் வேறு வேலை செய்கின்றன. சாக்ரா என்ற பேய்கள் கூரையிலும் பால்கனியிலும் தொங்கிக்கொண்டு, கார்மென் மாதா கடக்கும்போது பார்க்க முடியாமல் முகத்தை மூடிக்கொள்ளும். சுக்சு நடனத்தில் காட்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் மலேரியாவோடு திரும்பியவர்கள் நடுங்குவார்கள், பெரிய ஊசியோடு டாக்டர் துரத்துவார். வக்கீல்களையும் நீதிபதிகளையும் கிண்டல் செய்யும் நடனம் ஒன்று. 17-ஆம் தேதி கோயாக்களுக்கும் காட்டுவாசிகளான சுஞ்சுக்களுக்கும் போலிச் சண்டை. மேட்டுநில வணிகர்களான கோயாக்கள் தோற்பார்கள், செத்தவர்களைச் சாக்ராக்கள் வண்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். கூட்டம் எந்த இடத்தில் சிரிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நில உடைமை, நோய், நீதிமன்றம் பற்றி ஊர் பேட்டியில் சொல்லாததை அந்தச் சிரிப்பில் சொல்கிறது.

சைவம் சாப்பிடுபவர், குடிக்காதவர் சமாளிக்க முடியுமா?

சாப்பாடு சிரமமில்லை. உருளைக்கிழங்கு, உறைபனியில் காயவைத்த சுன்யோ, வேகவைத்த சோளம், மொச்சை போன்ற பெரிய அவரை, கீன்வா, பாலாடைக்கட்டி எல்லாம் தாராளம். விழாச் சாப்பாட்டில் மட்டும் குய் என்னும் கினியாப் பன்றி முழுதாக வந்து நிற்கும். தட்டைத் தள்ளிவிடாமல் இரு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்தில் இருப்பவருடன் பகிர்ந்துகொள்ளுங்கள்.

குடி கொஞ்சம் சிக்கல். பீர் பாட்டிலும் ஒரே ஒரு கண்ணாடிக் குவளையும் வட்டமாகச் சுற்றி வரும். முதல் துளி பூமிக்கு. குடித்து முடித்து நுரையைத் தரையில் உதறிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். மருந்து சாப்பிடுகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லி, அதையே கடைசி வரை சொல்பவரை விட்டுவிடுவார்கள். இரண்டு சுற்றுக் குடித்துவிட்டு மூன்றாவதில் மறுப்பவரை விடமாட்டார்கள். பூமித்தாய்க்குச் சற்றுத் தாராளமாக ஊற்றுவதும் ஒரு வழி, யாரும் குறை சொல்ல முடியாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது என் பல்கலைக்கழகம். என்ன செய்வது?

அந்த ஊர்களில் புரியாத தாளில் வைத்த கையெழுத்தும் கைநாட்டும் நிலத்தைப் பறித்த கதைகள் இன்னும் பேசப்படுகின்றன. வெளியூர்க்காரர் தாளை நீட்டினாலே முகம் மாறும். வாய்மொழி ஒப்புதலை அவர்கள் மொழியில் ஒலிப்பதிவு செய்ய முன்கூட்டியே உங்கள் நெறிக் குழுவிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். தனிநபர் ஒப்புதல் மட்டும் போதாது. முதலில் ஊர்ச் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, யார் நீ, எதற்கு வந்தாய், இதை விற்பாயா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி கட்டாயம் வரும்.

பச்சமாமா படையலில் மூன்று மூன்றாக அடுக்கும் கொக்கா இலைகளைப் படம் எடுக்கலாமா என்றால், நடத்துபவர் சொல்வதுதான் சட்டம். சில கட்டங்களில் கேமராவைப் பைக்குள் வைக்கச் சொல்வார். வைத்துவிடுங்கள்.

இந்தி ராய்மி, சாக்சபோன் குழு இதெல்லாம் 'அசல்' இல்லையே, ஏன் பதிவு செய்ய வேண்டும்?

குஸ்கோவில் ஜூன் 24-இல் நடக்கும் சூரியத் திருவிழாவான இந்தி ராய்மி, காலனியக் கால எழுத்தாளர் இன்கா கார்சிலாசோவின் விவரிப்பை வைத்து 1944-இல் மறுபடி உருவாக்கப்பட்ட நாடகம். அது ரகசியமில்லை. இன்கா காலத்திலிருந்து இடையறாமல் வந்தது என்று எழுதினால்தான் தப்பு. எண்பது ஆண்டாக ஒரு நகரம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்று எழுதினால் நல்ல ஆய்வு.

மந்தாரோ பள்ளத்தாக்கைப் பாருங்கள். சந்தியாகோ நாட்களில் மாட்டின் காதில் வண்ண ரிப்பன் கோக்கும் சடங்குக்கு வயலின், கொம்புத் துண்டுகளைச் சுருளாக இணைத்த வக்ராபுக்கு ஊதுகொம்பு, பெண் ஒருவர் தட்டிப் பாடும் தின்யா என்ற சின்னப் பறை. அதே பள்ளத்தாக்கின் பெருவிழாக்களில் வீணைபோல் மீட்டும் ஹார்ப், வயலின், கிளாரினெட், அவற்றோடு 1940-கள் வாக்கில் சேர்ந்த சாக்சபோன்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இரண்டும் தங்களுடையவைதான். எது பழசு என்று தீர்ப்பு எழுதுவது உங்கள் வேலை இல்லை, அவர்களுக்குள் நடக்கும் அந்த வாக்குவாதத்தைப் பதிவு செய்வதுதான்.

அவர்களே வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறார்களே?

ஆமாம், உங்களைவிட நன்றாக. மயோர்டோமோக்களே வீடியோக்காரரை அமர்த்துகிறார்கள், லிமாவுக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் நேரலையில் பார்க்கிறார்கள். அந்த வீடியோக்காரரைப் போட்டியாளராக நினைக்காமல் முதலில் போய்ப் பாருங்கள். யார் முகம் எத்தனை நொடி வர வேண்டும், எந்தச் சொந்தக்காரர் பெயரைத் திரையில் போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஊரின் அதிகார வரைபடம் அதிலேயே இருக்கிறது.

மாணவர் செய்யும் ஆவணத்துக்கு மதிப்பு உண்டா?

எழுத்தாளரும் மானிடவியலாளருமான ஹோசே மரியா அர்கேதாஸ் 1939 முதல் 1941 வரை குஸ்கோ பகுதியின் சிக்குவானியில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, மாணவர்களை அவரவர் வீட்டிலும் ஊரிலும் வழக்குகளைச் சேகரித்து எழுத வைத்து, அதை வெளியிடவும் செய்தார். பிறகு கல்வி அமைச்சகத்தில் இருந்தபோது நாடு முழுக்க ஆசிரியர்கள் வழியாகக் கதைகள் திரட்டும் வேலையில் இருந்தார். 1947-இல் அதிலிருந்து ஒரு தொகுப்பு வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த வசதி, எழுதியது சொந்த ஊரைப் பற்றி என்பது. உங்களுக்கு அது இல்லை. ஆகவே ஊர்ப் பள்ளி மாணவர் ஒருவரையோ இருவரையோ கூட்டாளியாகச் சேர்த்து, ஆய்வேட்டில் அவர்கள் பெயரையும், அவர்கள் சம்மதித்தால், போடுங்கள்.

பதிவுகளைக் கடைசியில் எங்கே கொடுப்பது?

ஒரு பிரதி ஓர் ஆவணக் காப்பகத்துக்கு. பெருவில் இதற்கென்றே லிமாவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1985-இல் ஆண்டீஸ் மரபிசைக் காப்பகம் தொடங்கப்பட்டது. அது பின்னர் இன இசையியல் நிறுவனமாக வளர்ந்தது. குஸ்கோ, மந்தாரோ பள்ளத்தாக்கு உட்படப் பல பகுதிகளின் இசையும் விழாக்களும் அங்கே இருக்கின்றன. போவதற்கு முன்பே பார்த்தால், உங்கள் ஊரில் முன்பு பதிவான இசை இருக்கிறதா என்றும் தெரியும். இருந்தால் அதை வாத்தியக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், பேட்டிக்கு வேறு கேள்வித்தாள் வேண்டியதில்லை.

மற்றப் பிரதிகள் ஊருக்கு. மயோர்டோமோவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் அது அவர் வீட்டு அலமாரியில் தங்கிவிடும். வாத்தியக்காரர்களுக்கும், சமையல் செய்த பெண்களுக்கும், ஊர்ப் பள்ளிக்கும் தனித்தனிப் பென்டிரைவ் கொடுங்கள், கைபேசியில் அனுப்பச் சிறிய கோப்புகளையும் சேர்த்து. முடிந்தால் அடுத்த ஆண்டு விழாவின்போது நேரில் கொண்டுபோங்கள். எல்லாப் பெயர்களும் இருக்கும் பட்டியலை அச்சிட்டு வையுங்கள். விடுபட்ட பெயரை முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். சேர்த்து, திருத்திய பிரதியையே காப்பகத்துக்கும் அனுப்புங்கள்.